பொங்கோல் வீட்டு நோன்பு

சந்தர் ரோடு, சிங்கப்பூர்
6.8.56

அன்புள்ள சிவகாமிக்கு,

நானும் கண்மணியும் சுகம். உன் சுகத்தை உன் வாயால் கேட்கத்தான் நேற்று வந்தேன். கேட்காமலே திரும்பினேன்.

நாலு மணிக்கே வந்துவிட்டேன். மற்ற நோயாளிகளெல்லாம் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். உன்னைக் காணோம். நர்ஸ் மிஸ்ஸி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அவங்க தூங்கறாங்க" என்றாள். ஒன்பது வருஷக் குடித்தனத்தில் சாயங்காலம் நாலு மணிக்கு நீ தூங்கி நான் பார்த்ததில்லை. ஆறு மணிக்கு மணியடிக்கும்வரை நின்றேன். கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தை மிஸ்ஸியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். கிடைத்ததா?

ஏப்ரலில் உன்னைச் சேர்த்ததிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் தவறியதில்லை. என்மேல் கோபமா? அல்லது உடம்புக்கு ஏதாவது கூடிவிட்டதா? எதுவானாலும் எழுது.

கண்மணிக்கு முன்பல் ஒன்று ஆடுகிறது. அதை நீ வந்துதான் பிடுங்க வேண்டுமாம். என்னைத் தொட விடமாட்டேன் என்கிறாள்.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
தனசேகரன்


பெண்கள் வார்டு
8.8.56

அன்புள்ள அத்தானுக்கு,

சிவகாமியின் வணக்கம். இரண்டு நாளாகக் காய்ச்சல் இல்லை. கஞ்சி இறங்குகிறது. ஆரஞ்சு கிடைத்தது.

உங்களிடம் பொய் சொல்ல எனக்கு வராது. நான் தூங்கவில்லை. திரைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். உங்கள் செருப்புச் சத்தம் வராந்தாவில் மேலும் கீழும் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கட்டில் ஹலீமாவின் மகனைப் போன வாரம் குழந்தைகள் வார்டில் சேர்த்திருக்கிறார்கள். அவனுக்கும் இந்தக் காச நோய்தான். நம் கண்மணி வயது. ஹலீமா மூன்று நாளாகக் கஞ்சியைத் தொடவில்லை. நீங்கள் வந்துபோவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஒட்டாது என்று டாக்டர் சொல்கிறார். அவர் படித்தவர். நான் தாய். இனி நீங்கள் வர வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. உங்களைப் பார்க்கும் அன்று சாயங்காலம் எனக்கு ஜுரம் ஏறிவிடுகிறது. மிஸ்ஸி தர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, "சண்டே வந்தா உனக்கு இப்படித்தான்லா" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

கோபித்துக்கொள்ளாமல் கடிதம் எழுதுங்கள். நேரில் சொல்ல வாய் வராததெல்லாம் காகிதத்தில் வருகிறது.

நாளை மறுநாள் ஆடி கடைசி வெள்ளி. சாமி மாடத்தில் விளக்கேற்றுங்கள். திரியை இரட்டையாக முறுக்கிப் போடுங்கள். குளித்துவிட்டு ஏற்றுங்கள், வேலையிலிருந்து வந்த சட்டையோடு வேண்டாம்.

கண்மணியின் பல்லை நூல் கட்டி இழுக்காதீர்கள். தானே விழும்.

உங்கள்
சிவகாமசுந்தரி


சந்தர் ரோடு
13.8.56

அன்புள்ள சிவகாமிக்கு,

கடிதம் கண்டேன். நாலு தரம் படித்தேன். வரவில்லை. உன் தர்மாமீட்டருக்காக வரவில்லை, சரிதானா?

வெள்ளிக்கிழமை குளித்துத்தான் ஏற்றினேன். திரி புகைந்தது. கண்மணி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். "அம்மா ஏத்தினா புகை வராதுல்ல" என்றாள். எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சமாளித்தேன். "இல்ல, உங்களுக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டு ரபியா அக்காவிடம் போய்விட்டாள். நான் வேலைக்குப் போகும் நேரமெல்லாம் அவள் அங்கேதான் இருக்கிறாள். ரபியா அக்கா தலைவாரிப் பின்னி, ரொட்டி கொடுத்து, தன் பிள்ளைபோல் பார்த்துக்கொள்கிறார்.

இந்த மாதம் முனிசிபலில் எனக்குப் புக்கிட் பாஞ்சாங் பக்கம் மின்சார மீட்டர் பார்க்கப் போட்டிருக்கிறார்கள். கடை கடையாக, வீடு வீடாக ஏணி வைத்து ஏறி எண்களைக் குறித்துக்கொண்டு வருகிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் பெண்கள் சமைத்துக்கொண்டிருக்கிறார்கள். தாளிக்கிற வாசனை வந்தால் சீக்கிரம் எழுதிவிட்டு வெளியே வந்துவிடுகிறேன்.

மருந்தை வேளா வேளைக்கு எடுத்துக்கொள்.

என்றும் உன்
தனசேகரன்


பெண்கள் வார்டு
10.9.56

அன்புள்ள அத்தானுக்கு,

கடவுள் துணையால் நான் நேற்றைப்போலவே இருக்கிறேன். நீங்களும் குழந்தையும் சௌகரியமாக இருக்க வேண்டுகிறேன். உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் தாமதித்ததற்கு மன்னியுங்கள். சில நாள் எழுத உட்கார முடியவில்லை.

ஒரு காரியம் கேட்கிறேன், மறுக்கக் கூடாது. தீபாவளி அமாவாசைக்குக் கேதார கௌரி நோன்பு வருகிறது. இந்த வருஷம் அதை நீங்கள் எடுக்க வேண்டும்.

கல்யாணமான வருஷம் உங்கள் அம்மா என் கையைப் பிடித்து, "இதை ஒரு வருசமும் விட்டுடாதே தாயி" என்று சொல்லிக் கொடுத்த நோன்பு. கண்மணி வயிற்றில் இருந்தபோதும் விடவில்லை. நீங்கள் டைபாய்டில் கிடந்த வருஷம்கூட அதிரசம் சுட்டேன். அம்மன் விரதமிருந்து சுவாமியின் உடம்பில் பாதியை வாங்கிய நோன்பு இது. புருஷனும் பெண்டாட்டியும் பிரியாமல் இருக்கத்தான் எடுப்பார்கள். நாம் பிரிந்திருக்கிற வருஷம் பார்த்து அது நின்றுபோகலாமா?

ஆண்பிள்ளை எடுக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. சம்மதமென்று எழுதுங்கள், முறையெல்லாம் விவரமாக எழுதுகிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சிவகாமசுந்தரி


சந்தர் ரோடு
27.9.56

அன்புள்ள சிவகாமிக்கு,

உன் உடம்பு தேற வேண்டுமென்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வேலைதான், வேறொன்றுமில்லை. கவலைப்படாதே.

நோன்பு விஷயம். மாடியில் இருக்கும் தங்கம் அம்மாள் வருஷா வருஷம் எடுக்கிறவராயிற்றே, அவரோடு சேர்ந்து நம் கயிற்றையும் வைத்துப் படைத்துவிடலாம் என்று நினைத்துக் கேட்டேன். அவர்களுக்கு இந்த வருஷம் விருந்தாளிகள் வருகிறார்களாம், இடம் போதாதாம். பரவாயில்லை. நானே எடுக்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியாது, அ ஆவிலிருந்து எழுது. மீட்டர் எண்போல் ஒன்று விடாமல் பார்த்துச் செய்கிறேன்.

கண்மணி உனக்காக ஒரு படம் வரைந்தாள். இதோடு வைத்திருக்கிறேன். பல் விழுந்துவிட்டது. ரொட்டியோடு சேர்த்து விழுங்கிவிட்டாள். வயிற்றில் பல் முளைக்குமா என்று இரண்டு நாள் அழுகை.

உன்
தனசேகரன்


பெண்கள் வார்டு
3.10.56

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நீங்கள் சம்மதித்த கடிதம் வந்த அன்று இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன் என்று மிஸ்ஸியே எழுதச் சொல்கிறாள்.

இதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் இருபத்தொன்று. வெற்றிலை இருபத்தொன்று, பாக்கு, விரலி மஞ்சள், வாழைப்பழம், அதிரசம் ஒவ்வொன்றும் இருபத்தொன்று. கயிறு இருபத்தோரிழை நூல், இருபத்தொரு முடிச்சு, மஞ்சளில் நனைத்தது. முடிச்சுப் போடும்போது யாரோடும் பேசாதீர்கள். நம் அம்மியைக் கழுவி, குழவியை அதன்மேல் நிறுத்தி, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துப் பூ வைக்க வேண்டும். அதுதான் சுவாமியும் அம்மனும். பக்கத்தில் கலசம். கதைப் புத்தகம் என் பெட்டியில் சிவப்புப் புடவைக்கு அடியில் இருக்கிறது. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, கதை படித்து, கயிறு கட்டிக்கொள்ளுங்கள். ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை. கடைசியில் ஒரு சுமங்கலிக்குத் தாம்பூலம் கொடுக்க வேண்டும்.

அதிரசத்துக்குப் பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் ஈரம் போகாமல் உலர்த்தி இடியுங்கள். பாகு தண்ணீரில் விட்டால் உருட்ட வரவேண்டும். இரண்டு நாள் முன்னாலேயே மாவைப் பிசைந்து வையுங்கள்.

அடுத்த வருஷமும் இதைப் பார்த்தே செய்யலாம். கண்மணிக்குப் பத்துப் பன்னிரண்டு வயதானால் அவளே படித்துச் செய்துகொள்வாள். அதனால்தான் எழுத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

குழந்தையின் படம் தலைமாட்டில் இருக்கிறது. ஓலை வேய்ந்த அத்தாப்புக் கூரை, தென்னை மரம், ஒரு பன்றி, அதன் பின்னால் நாலு குட்டி. சந்தர் ரோட்டில் பன்றி ஏது?

உங்கள்
சிவகாமசுந்தரி


சந்தர் ரோடு
8.10.56

அன்புள்ள சிவகாமிக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல் நடக்கிறது. உன் கடிதத்தை அட்டையில் ஒட்டி ஆணியில் மாட்டிவிட்டேன்.

பன்றி விஷயம் ஒன்றுமில்லை. பொங்கோல் மெயின் ரோட்டுக் கடைகளில் மீட்டர் பார்க்கப் போனபோது கண்மணியையும் கூட்டிப்போனேன். அங்கே பார்த்ததை வரைந்திருக்கிறாள்.

கண்மணி பன்னிரண்டு வயதில் படித்துச் செய்வாள் என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு என்ன அர்த்தம்? அப்போது நீ எங்கே போயிருப்பாய்? டாக்டர் ஏதாவது சொன்னாரா? மறைக்காமல் எழுது.

உன்
தனசேகரன்


சந்தர் ரோடு
20.10.56

அன்புத் தங்கச்சி சிவகாமிக்கு ரபியா எழுதிக்கொள்வது. அல்லாஹ் கிருபையால் இங்கே நானும் அவுகளும் நல்லா இருக்கோம். நீ சீக்கிரம் எழுந்திருக்க அஞ்சு வேளையும் துஆ கேட்கிறேன்.

உன் கடுதாசி கிடைச்சுது. "அக்கா, எனக்கு உண்மையைச் சொல்லுங்க, உங்க பிள்ளைமேல ஆணை"ன்னு எழுதிட்டே. ஆணை போட்ட பிறகு நான் எப்படி மறைக்கிறது? உன் வீட்டுக்காரர் சொல்லாதேன்னார். அவர் என்னை மன்னிக்கட்டும்.

அவங்க இப்ப சந்தர் ரோட்டில இல்லம்மா. செப்டம்பர் ரெண்டாவது வாரமே காலி பண்ணிட்டாங்க. உனக்கு இந்த நோயின்னு வீடு பூரா தெரிஞ்சுபோச்சு. தங்கம் அம்மா கீழே இறங்கி வந்து, "எங்க வீட்லயும் பிள்ளைங்க இருக்கு, நீங்க வேற இடம் பாத்துக்குங்க தம்பி"ன்னு சொல்லிட்டாங்க. குழாயடியில உங்க குடத்தைத் தனியா வைக்கச் சொன்னாங்க. அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. நான்தான் தெருவில நின்னு கத்தினேன். நோன்புக்கு இடம் கேட்டப்பவும், "அந்த வீட்டுக் கயிறு எங்க கலசத்துக்கிட்ட வேண்டாம்"னுதான் சொன்னாங்க.

இப்ப பொங்கோல்ல ஒரு சீனரோட பன்றிப் பண்ணைப் பக்கத்துல அத்தாப்பு வீடு. ஊரார் வீட்டு மீட்டரெல்லாம் பார்க்கிறவர் வீட்டில மீட்டரே இல்ல, மண்ணெண்ணெய் விளக்குதான். விடிய முன்னாடி பஸ் ஏறி கண்மணியை என்கிட்ட விட்டுட்டு வேலைக்குப் போறார். சாயங்காலம் வந்து கூட்டிப் போறார். உன் கடுதாசியெல்லாம் என் வீட்டுக்குத்தான் வருது. சாமான் ஏத்தின அன்னிக்கு எல்லாத்தையும் லாரியில போட்டவர், அம்மியை மட்டும் மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்தார். "உடைஞ்சிட்டா சிவகாமி கேப்பா"ன்னார்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை தோறும் பிள்ளையை என்கிட்ட விட்டுட்டு உன் ஆஸ்பத்திரி வேலிக்கு வெளியே போய் நின்னுட்டு வர்றார். உள்ளே வரமாட்டார். நீ சொன்ன சொல்லாமே.

அவர்கிட்ட சண்டை பிடிக்காதே. பயந்துபோய்த்தான் மறைச்சார். உனக்கு மனசு நொந்து ஜுரம் ஏறிடும்னு.

உன் அக்கா
ரபியா


பெண்கள் வார்டு
30.10.56

அன்புள்ள அத்தானுக்கு,

நகரில் கலவரமும் ஊரடங்கும் என்று கேட்டதிலிருந்து நீங்களும் குழந்தையும் எப்படியிருக்கிறீர்களோ என்ற நினைவுதான். ஐந்து நாள் தபாலும் இல்லை. இன்று காலைதான் எடுத்துப் போவார்கள் என்றார்கள். நான் பத்திரமாக இருக்கிறேன்.

இந்த உறையின்மேல் பொங்கோல் விலாசம் எழுதியிருப்பதைப் பார்த்ததுமே உங்களுக்குப் புரிந்திருக்கும். ரபியா அக்காவை ஒன்றும் சொல்லாதீர்கள். நான்தான் ஆணையிட்டு வாங்கினேன். எனக்கு வருத்தம் வீடு போனதில் இல்லை. குடத்தைத் தனியாக வைக்கச் சொன்னபோது நீங்கள் தனியாக நின்றிருப்பீர்களே, அதில்தான்.

வேலிக்கு வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் நீங்கள் நிற்பது எனக்கு முதல் வாரத்திலிருந்தே தெரியும். என் கட்டிலுக்கு எதிர் ஜன்னல் அந்தப் பக்கம்தான். நீங்கள் ஐந்தரை மணி வரை நிற்பீர்கள். நீல சட்டையின் இடது தோள் கிழிந்திருக்கிறது. ஜுரம் அப்போதும் ஏறத்தான் ஏறுகிறது. இருந்தாலும் வர வேண்டாம் என்று மட்டும் எழுத மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை நோன்பு. ஊரடங்கினால் சாமான் கிடைக்காவிட்டால் கிடைத்ததை வைத்துச் செய்யுங்கள். வழக்கமாக அந்தி சாயும்போது படைப்போம். இந்த வருஷம் காலை பத்து மணிக்குப் படையுங்கள். சரியாகப் பத்து மணிக்குக் கற்பூரம் காட்டுங்கள். ஏனென்று கேட்காதீர்கள்.

கண்மணியை உங்கள் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
சிவகாமி


பொங்கோல்
4.11.56

என் சிவகாமிக்கு,

இதை நீ கண் விழித்துப் படிக்கும் நிலையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மிஸ்ஸி படித்துச் சொல்லட்டும். அவளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலில் நோன்பைச் சொல்கிறேன், நீ அதைத்தான் கேட்பாய்.

தேக்கா சந்தைப் பக்கம் போக முடியாமல் ஐந்து நாள் அடைந்து கிடந்தோம். வெல்லம் கிடைக்கவில்லை. பக்கத்துக் கம்பத்துக் கிராமத்தின் மலாய்க் கடையில் குலா மெலாக்கா இருந்தது, அந்தப் பனஞ்சீனியைப் பாகு வைத்தேன். முதல் அதிரசம் எண்ணெயில் போட்டதும் கரைந்து போய்விட்டது. இரண்டாவதும் அப்படியே. கண்மணி, "அப்பா, சட்டியில ஒண்ணுமே இல்லலா" என்றாள். மாவு சேர்த்துப் பிசைந்து, கறுப்பும் சிவப்புமாக எப்படியோ இருபத்தொன்று தேற்றினேன். ஒன்றுக்கொன்று உருவ ஒற்றுமை கிடையாது. வெற்றிலை வேலியோரமே படர்ந்திருக்கிறது. பூவுக்குச் செம்பருத்தி. அம்மியைக் கழுவி நிறுத்திப் பொட்டு வைத்தேன். முடிச்சுப் போடும்போது பேசக் கூடாது என்றாயே, கண்மணி என் வாயையும் தன் வாயையும் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பத்து மணிக்குக் கற்பூரம் காட்டினேன். முனிசிபல் கடிகாரத்துக்கு ஒரு நிமிஷம் முன்பின் இல்லை. கதை படித்தேன். அம்மனுக்குப் பாதி உடம்பு கிடைக்கிற இடம் வந்ததும் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டேன். மீதியைக் கண்மணி தனக்குத் தெரிந்ததுபோல் சொல்லி முடித்தாள்.

தாம்பூலம் கொடுக்கச் சுமங்கலி வேண்டும். யார் வருவார்கள்? ரபியா அக்காவும் ஊரடங்குக்குப் பயந்து வரவில்லை. அப்போது வீட்டுக்காரச் சீன அம்மாள் புகையைப் பார்த்து எட்டிப் பார்த்தார். உள்ளே வந்து அம்மியைப் பார்த்தார். திரும்பிப் போய் மூன்று ஊதுபத்தி கொளுத்தி எடுத்து வந்து, நம் கலசத்துக்கு முன்னால் மூன்று முறை குனிந்து, மண்ணில் செருகினார். நான் என்னுடைய மலாயில், "சுவாமி அடா?" என்று கேட்டேன். புருஷனுக்கு மலாயில் சுவாமி என்றுதானே பெயர், அடா என்றால் இருக்கிறாரா. அவர் சிரித்துக்கொண்டே பன்றிப் பட்டியைக் காட்டினார். அங்கே சுவாமி தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். வெற்றிலை பாக்கு, மஞ்சள், பழத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நம் வீட்டுப் பொருளை ஒருவர் கையால் தொட்டு வாங்கி இரண்டு மாதமாகிறது, சிவகாமி. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

கண்மணியை அவரிடமே விட்டுவிட்டு, உன் கயிற்றையும் இரண்டு அதிரசத்தையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நீ சொன்ன சொல்லை மீறினேன். பத்து மணி என்று நீ எழுதிய நாளிலிருந்தே என் நெஞ்சு சரியில்லை.

உன் கட்டிலில் நீ இல்லை. சீலை மடித்து வைத்திருந்தது. நான் நின்ற நிற்பைப் பார்த்து ஹலீமா ஓடிவந்து, "அண்ணே, அப்படி இல்ல, அப்படி இல்ல, ஆபரேசனுக்குக் கொண்டு போயிருக்காங்க, பத்து மணிக்கு" என்றாள்.

விலா எலும்பை எடுத்து நுரையீரலை அமுக்குகிறார்களாம். செப்டம்பரிலேயே சொல்லிவிட்டார்களாம். கையெழுத்தை நீயே போட்டாயாம். இருபத்தொரு பாக்கு, இருபத்தொரு மஞ்சள் என்று எனக்கு ஒன்று விடாமல் எழுதியவள், இந்த ஒன்றை விட்டுவிட்டாயே.

நான் வீட்டை மறைத்தேன், நீ இதை மறைத்தாய். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஒன்றரை மணிக்கு உன்னைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் வெளுத்துக் கிடந்தாய். மூச்சு விட்டாய். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் நீட்டிய கயிற்றை மிஸ்ஸி என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "நீங்களே கட்டுங்க" என்றாள். இடது கையில் கட்டினேன். உனக்குத் தெரியாது.

இனி நான் உள்ளே வருவேன். ஜுரம் ஏறினால் ஏறட்டும்.

தனசேகரன்


பெண்கள் வார்டு
2.12.56

அத்தானுக்கு,

ஆபரேசனுக்குப் பிறகு நான் என் கையால் எழுதுகிற முதல் கடிதம் இதுதான். எழுத்துக் கோணலாக இருக்கும். வாரா வாரம் நேரில் பார்த்தும் எழுதுகிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

சொல்லாமல் போனதற்கு என்னை மன்னியுங்கள். சொல்லியிருந்தால் நீங்கள் வெளியே நின்றிருப்பீர்கள், பூஜை நின்றிருக்கும். நான் போகும்போது யாராவது எனக்காக வீட்டில் விளக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். மயக்கம் கொடுக்கும்போது சுவரில் கடிகாரம் இருந்தது. பத்தாக இரண்டு நிமிஷம். தேங்காய் உடைத்திருப்பார் என்று நினைத்தேன். அதற்கப்புறம் ஒன்றும் தெரியாது.

தை மாதம் இன்னொரு தரம் வெட்ட வேண்டுமாம். இந்த முறை தேதியைச் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

உங்கள்
சிவகாமி


பெண்கள் வார்டு
5.3.57

அன்புள்ள அத்தானுக்கு,

கடவுள் கருணையால் சளிப் பரிசோதனை மூன்று முறையும் சுத்தமாக வந்துவிட்டது. நான் சுகம் என்று இந்த வருஷத்தில் முதன்முறையாகப் பொய்யில்லாமல் எழுதுகிறேன்.

அடுத்த வியாழக்கிழமை வீட்டுக்குப் போகலாமென்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிறுவரை பொறுத்து நேரில் சொல்ல என்னால் முடியாது.

கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு தரமாக ஏழு விலா எலும்பை எடுத்துவிட்டார்கள். இடது தோள் இறங்கிப்போய் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடக்கிறேன். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், ஆனால் போர்வைக்குள் பார்த்தது. என் ரவிக்கை ஒன்றும் இனிப் பொருந்தாது. கனமான குடம் தூக்க முடியாது. கண்மணிக்குப் பதினொரு மாதமாக அம்மா என்பது காகிதமும் கையெழுத்தும்தான். என்னைப் பார்த்து மிரண்டாலும் அவளைத் திட்டாதீர்கள். அவளாக வரட்டும்.

நீங்கள் வரும் ஞாயிறெல்லாம் அந்த வீட்டைப் பற்றிச் சொல்லச் சொல்லி, எனக்கு இப்போது கண்ணை மூடினால் வழி தெரிகிறது. பஸ்ஸிலிருந்து இறங்கி, பலாமரம் தாண்டி, பட்டியின் நாற்றம் வரும் பக்கம் திரும்ப வேண்டும். வாசல் கிழக்கு. அடுப்பு வலது மூலை. சாமிக்கு மரப்பெட்டி. கண்மணியின் பாய் ஜன்னலோரம். உங்கள் பாய் கதவோரம். சீன அம்மாள் கொடுத்த பானை வாசலில். எல்லாம் சொல்லிவிட்டீர்கள்.

என் பாயை எங்கே போடுவீர்கள் என்று மட்டும் சொல்லவில்லை. டாக்டர் ஆறு மாதத்துக்குத் தனியாகப் படுக்கச் சொல்லியிருக்கிறார். அது எனக்கும் தெரியும். தனியாக என்றால் எவ்வளவு தூரம் என்று அவரிடம் கேட்க வெட்கமாக இருந்தது. நீங்கள் கேட்டு எழுதுங்கள்.

உங்கள்
சிவகாமி